வலது பக்கத்துப் பாரம்

'டமார்!'

சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடீன் கையிலிருந்த காபிக் கோப்பை தொட்டிக்குள் விழுந்து காது உடைந்தது. யாரோ துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிக்கெட் ஊரில் அது வேட்டைக் காலம். காலையில் மலைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்பது புதிதல்ல. ஆனால் இது மலைப்பக்கமில்லை. வீட்டு முற்றத்திலிருந்து வந்தது.

செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

கணவன் கர்ட்டிஸ் முழுசாக நின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் கையில் காற்றடிக்கும் குழாய். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பயப்படாத. பின்சக்கரத்துக் காத்துப்பை வெடிச்சிருச்சு, அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம்?"

அவன் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. வண்டியே சொல்லிற்று. முதுகில் கேம்பரைச் சுமந்திருந்த பிக்கப் வலது பக்கம் சரிந்து நின்றது. நடீன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் சரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தால் நாற்காலி எப்படி முனகுமோ, அப்படி ஒரு முனகல் கேம்பருக்குள்ளிருந்து வந்தது.

"உள்ள யாரு?" என்றாள்.

"நம்ம சட்டி பானைதான். வேற யாரு?" என்றான் கர்ட்டிஸ். ஆனால் அவனும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துதான் நின்றான்.

மோன்டானாவில் அவர்கள் வாழ்க்கை முடிந்துபோயிருந்தது. கர்ட்டிஸ் வேலை பார்த்த மர அறுவை ஆலையை மூடிவிட்டார்கள். ஆரிகன் கரையோரம் படகு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் கர்ட்டிஸுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். அங்கே ஒரு வீடு அமையும்வரை கேம்பர்தான் வீடு. பிக்கப்பின் பின்தொட்டிக்குள் இறக்கிப் பூட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி வீடு அது. மேலே படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்ட பெட்டி இருக்கை.

சிக்கல் என்னவென்றால், அவர்களுடையது அரை டன் பிக்கப், சிறிய ரகம். கேம்பர் சுமக்க இன்னும் பெரிய வண்டி வேண்டும் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர், "ஸ்பிரிங்குக்கு ஒரு ஜோடி காத்துப்பை மாட்டு, சரியாயிடும்" என்றார்கள்.

நடீனின் அண்ணன் லாய்ட் இந்த மீதிப் பேரைத்தான் நம்பினான். அவனும் அரை டன் வண்டியில்தான் கேம்பர் ஏற்றினான். பின்பக்கம் தொங்கியது. காற்றுப்பை மாட்டினான். வண்டி நிமிர்ந்தது. "பாரு நடீன், மேசை மாதிரி நிக்குது!" என்று தட்டிக் காட்டினான். வேட்டை முடிந்து டீக்கன் கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், ஒரு வளைவில் வண்டி புரண்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைச் சிலுவை நிற்கிறது. சாலையில் செத்தவர்களுக்காக ஊர்க்காரர்கள் நட்டுவைக்கும் சிலுவைகளில் ஒன்று. கடலுக்குப் போகிற வழி அதைத் தாண்டித்தான்.

அதனால் நடீன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "கதவோரம் மஞ்சள் ஒட்டுத்தாள்ல எவ்வளவு பாரம்னு எழுதியிருக்கோ, அதுக்கு மேல ஒரு பவுண்டு இருந்தாலும் நான் ஏறமாட்டேன். நேரா நிக்குதுங்கிற கதையெல்லாம் என்கிட்ட வேணாம்."

கர்ட்டிஸ் ஒத்துக்கொண்டான். உழைத்தான் என்றும் சொல்லவேண்டும். பத்து அடுக்கு டயர் மாற்றினான். பின்னச்சுக்கு ஆட்டம் தாங்கும் இரும்புத் தண்டு போட்டான். கேம்பரை இழுத்துக் கட்டும் கொக்கிகளைத் தொட்டியின் தகரத்தில் மாட்டாமல் வண்டியின் அடிச்சட்டத்திலேயே மாட்டினான். தொட்டிக்குள் ரப்பர் விரித்தான். ஸ்பிரிங் பட்டைகளுக்குத் துணையாகக் காற்றுப்பைகளும் வைத்தான், பக்கத்துக்கு ஒன்று.

எல்லாம் முடித்து தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், பாரம் ஒட்டுத்தாள் எண்ணைத் தாண்டி நின்றது. வண்டியில் இருப்பதையெல்லாம் கூட்டினால் அவ்வளவு வரக்கூடாது. துருவித் தேடியபோதுதான் இடது இருக்கையின் மூடிக்கு அடியில் மணல் மூட்டைகள் கிடைத்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒழுங்காக.

"கேம்பரை வித்த கிழவர் பனிக்காலத்துக்குப் போட்டு வெச்சிருக்காருப்பா," என்று கர்ட்டிஸ் சிரித்தான். சறுக்காமல் இருக்க பிக்கப்பின் பின்னால் மணல் மூட்டை போடாத ஆள் அந்தப் பக்கத்தில் உண்டா? நடீனுக்கும் சந்தேகம் வரவில்லை. மூட்டைகளை இறக்கி முற்றத்து ஓரம் கொட்டினார்கள். மறுபடி எடை போட்டபோது எண்ணுக்குள் அடங்கியது. நடீனே அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அது நேற்று. நேற்றுச் சாயங்காலத்திலிருந்துதான் வண்டி வலது பக்கம் சாயத் தொடங்கியது.

கர்ட்டிஸ் வலது காற்றுப்பைக்கு மட்டும் கூடுதலாகக் காற்றடித்தான். நிமிர்ந்தது. ராத்திரி மறுபடி சாய்ந்தது. காலையில் இன்னும் அடித்தான். அப்போதுதான் அந்த 'டமார்'.

*

வெர்லின் பட்டறை ஊர்க்கோடியில் இருந்தது. வெர்ல் பெரிய உடம்புக்காரன், வாய் அதைவிடப் பெரியது.

"என்னடா கர்ட்டிஸ், உன் வண்டி எனக்கு வணக்கம் வெக்குது!" என்றான், சாய்ந்து வந்த பிக்கப்பைப் பார்த்து.

"ஜோக்கை அப்புறம் சொல்லு. புதுப் பை மாட்டு."

"மாட்டுறேன். ஆனா எவ்வளவு காத்து அடிச்சே? பையிலயே எழுதியிருக்கில்ல? படிக்கத் தெரியாதா, இல்ல அது பொண்டாட்டி வேலையா?"

"பொண்டாட்டி படிச்சா. புருஷன் கேக்கல," என்றாள் நடீன்.

வெர்ல் கடகடவென்று சிரித்தான். ஆனால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் விளக்கை அங்கும் இங்கும் காட்டிக்கொண்டிருந்தான். கேம்பருக்குள் ஏறி வலது பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தான். தரையை அழுத்திப் பார்த்தான்.

"ஸ்பிரிங் பட்டையில ஒண்ணும் உடையல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. மழைத்தண்ணி இறங்கிப் பலகை ஊறியிருந்தா ஒரு பக்கம் கனம் கூடும். எல்லாம் எலும்பு மாதிரி காஞ்சிருக்கு."

"குளிர்பெட்டி வலது பக்கம்தானே?" என்றான் கர்ட்டிஸ்.

"தண்ணித்தொட்டி இடது பக்கம். அதுக்கு இது சரியாப் போயிடும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்..." வெர்ல் கையைத் துடைத்துக்கொண்டான். "வலது பக்கம் ஒரு ஆளு உக்காந்திருந்தா எப்படி இறங்குமோ, அப்படி இறங்குது."

கர்ட்டிஸ் கேம்பரின் வலது ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"கேம்பரை யார்கிட்ட வாங்கினீங்க?" என்றான் வெர்ல்.

"எல்வுட் ஸ்ட்ராண்ட்."

"அந்தக் கிழமா? என் மச்சான் போன மாசம் போய்க் கேட்டான்யா! உங்களைவிட அதிகமாவே தர்றேன்னான். 'எங்க கொண்டுபோவே?'ன்னு கேட்டிருக்காரு. 'மான் வேட்டைக்கு'ன்னு சொன்னானாம். கதவைச் சாத்திட்டாரு."

நடீனுக்கும் ஞாபகம் வந்தது. எல்வுட் அவர்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். 'ஆரிகன் கரைக்கு' என்று கர்ட்டிஸ் சொன்னதும், "கணவாயைத் தாண்டி? திரும்பி வரமாட்டீங்களே?" என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். மனைவி ஆல்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, இனி எனக்கு இது எதற்கு என்றார். கேம்பரை வண்டியில் ஏற்றிய பிறகும் வலது ஜன்னல் பக்கம் நின்று தகரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே அந்த ஜன்னலுக்கு மேல், ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் ஒட்டியிருந்தது. பாறை, அலை, நுரை. அழகாக இருக்கிறதே என்று நடீன் அதைக் கிழிக்காமல் விட்டுவைத்திருந்தாள்.

வெர்ல் புதுப் பை மாட்டி, அது தாங்கும் அளவுக்குள் வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாகக் காற்றடித்தான். வண்டி நிமிர்ந்தது.

"இப்போ பாரு," என்றான் கர்ட்டிஸ், பின்தொட்டியைத் தட்டியபடி. "மேசை மாதிரி நிக்குது."

நடீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வார்த்தைக்கு வார்த்தை லாய்ட் சொன்னது. கர்ட்டிஸுக்கு அது தெரியாது. லாய்ட் அதைச் சொன்னபோது அவன் அங்கே இல்லை.

*

மதியத்துக்குள் பனி இறங்கும் என்று வானொலி சொன்னது. இருவரும் அப்போதே புறப்பட்டார்கள்.

சாலை ஆற்றோரம் கொஞ்ச தூரம் போய்விட்டு மலையேறத் தொடங்கியது. நடீன் பக்கக் கண்ணாடியில் கேம்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள். எண்ணுக்குள் இருக்கிறோம், எண்ணுக்குள் இருக்கிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதுதானே அவள் கேட்டது?

முதல் பெரிய வளைவு வலது பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் உடம்பு இடப்பக்கம் சாயவேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். இந்த வண்டி சாயவில்லை. வலது பக்கமே அழுத்திக்கொண்டு, பிடிவாதமாக, வளைவைக் கடந்தது.

"கர்ட்டிஸ்."

"பாத்தேன்."

"இப்படி இருக்கக் கூடாது."

"ஆட்டம் தாங்குற தண்டு போட்டிருக்கில்ல, அதான்," என்றான். அவன் குரலிலேயே அதற்கு நம்பிக்கை இல்லை.

அடுத்த வளைவில் அந்த முனகல் மறுபடி கேட்டது. இருக்கையின் மூடி. யாரோ எழுந்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்த மாதிரி.

பட்டறையிலிருந்தே நடீனுக்குள் ஓடிக்கொண்டிருந்த எண்ணத்தை இப்போது தடுக்க முடியவில்லை. லாய்ட். அரை டன் வண்டி, கேம்பர், அதே சாலை. 'ஏறாதே நடீன்' என்று சொல்ல வந்திருக்கிறான். அல்லது தனியாகக் கிடந்து அலுத்துப்போய் கூட வருகிறான்.

வெள்ளைச் சிலுவை கண்ணில் பட்டதும், "நிறுத்து," என்றாள்.

கர்ட்டிஸ் ஓரம் கட்டினான்.

சிலுவையின் மேல் ஒரு கை வைத்துவிட்டு அவள் நேராகக் கேம்பரின் பின்கதவுக்குப் போனாள். திறந்தாள். உள்ளே குளிர், வெளியே இருந்ததைவிட அதிகமாக. சாமான்களெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வலது இருக்கையின் மெத்தையில் மட்டும், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஜன்னலோரமாக ஒரு குழிவு.

புறப்படும்போது எல்லாத் திரைகளையும் இழுத்து, பித்தான் போட்டு மூடியவள் அவள்தான். வலது ஜன்னல் திரை திறந்திருந்தது.

"லாய்ட்," என்றாள் மெதுவாக. "உன் இடம் வந்திருச்சுடா. இறங்கு."

காற்று அடித்தது. பைன் மரங்கள் அசைந்தன. மெத்தையின் குழிவு நிமிரவில்லை.

"பேசிட்டியா?" என்று கர்ட்டிஸ் வெளியிலிருந்து கேட்டான். கேலி இல்லை அதில்.

"பேசினேன்." கதவைச் சாத்தினாள். "பதில் இல்ல."

வண்டி மறுபடி ஏறியது. வலது பக்கம் அழுத்தியபடியே.

*

கணவாயின் உச்சியில், இறக்கத்துக்கு முன்னால் லாரிக்காரர்கள் பிரேக்கைச் சோதிக்க ஒதுங்கும் இடம் ஒன்று உண்டு. கர்ட்டிஸ் அங்கே நிறுத்தினான். முதல் பனித்துகள்கள் கண்ணாடியில் வந்து ஒட்டின.

நடீன் இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். வெர்ல் நிமிர்த்தி அனுப்பிய வண்டி மறுபடி வலது பக்கம் இறங்கியிருந்தது. கர்ட்டிஸ் காற்றடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"தொடாத."

"நடீன், கொஞ்சம் அடிச்சா..."

"அடிச்சா நிமிரும். பாரம் எங்க போகும்? அச்சு மேலதானே இருக்கும்? ஒத்தை டயர் மேலதானே இருக்கும்? இந்த இறக்கத்துல அந்த டயர் வெடிச்சா?"

"எண்ணுக்குள்ள இருந்தா போதும்னு நீதானே சொன்னே!"

"சொன்னேன். இப்போ சொல்றேன், இந்தச் சாய்வோட நான் இறங்கமாட்டேன். வேணும்னா நடந்து வர்றேன்."

"கடல் வரைக்கும் நடப்பியா? இன்னும் ஒரு மணி நேரத்துல ரோட்டை மூடிடுவாங்க. திங்கட்கிழமை நான் அங்க இல்லேன்னா வேற ஆளை வெச்சுக்குவாங்க. நமக்குத் திரும்பிப் போக வீடு இருக்கா?"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். பனி அவர்கள் தோளில் விழுந்தது.

நடீனின் பார்வை வண்டியின் இடது பக்கம் போயிற்று. மணல் மூட்டை இருந்த பக்கம். ஏதோ ஒன்று அவள் மண்டையில் பளிச்சென்று தட்டியது.

"கர்ட்டிஸ், பனிக்காலத்துல மணல் மூட்டை எதுக்குப் போடுவோம்?"

"இது என்ன கேள்வி? வண்டிக்குப் பின்பாரம் இல்லாம சக்கரம் சறுக்கும். அதுக்குத்தான்."

"கேம்பர் ஏத்தின வண்டிக்குப் பின்பாரம் இல்லையா?"

அவன் காற்றடிக்கும் கருவியைக் கீழே வைத்தான்.

"கேம்பருக்குள்ள எவனாவது மணல் போடுவானா? அதுவும் ஒரே பக்கமா?"

அவள் ஏற்கெனவே கைபேசியை எடுத்திருந்தாள். உச்சியில் சிக்னல் இருந்தது. மறுமுனையில் மணி ஒரு முறைதான் அடித்தது. கிழவர் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தவர் போல எடுத்தார்.

"மிஸ்டர் ஸ்ட்ராண்ட், நான் நடீன். உங்க கேம்பர் வாங்கினவ."

"தெரியுதும்மா. கணவாயைத் தாண்டிட்டீங்களா?"

"உச்சியில நிக்கிறோம். இடது பக்கம் இருந்த மணலை எடுத்துட்டோம்."

"அதை ஏம்மா எடுத்தீங்க?" என்றார். திட்டுகிற குரல் இல்லை. கையில் வைத்திருந்த ஒன்றை நழுவவிட்டவர் குரல்.

"நீங்க ஏன் வெச்சீங்க?"

"வலது பக்கம் இறங்குச்சும்மா. ஆல்மா கண்ணை மூடின மாசத்துலேர்ந்து. அந்த ஜன்னலோரம்தான் அவ இடம். முதல்ல ஸ்பிரிங்னு நினைச்சு மாத்தினேன். அப்புறம் புரிஞ்சுது. நாப்பது வருஷம் கூட இருந்தவ எடை எனக்குத் தெரியாதா? அதே எடைக்கு இந்தப் பக்கம் மணலை அடுக்கினேன். நேரா நின்னுச்சு."

நடீன் கேம்பரின் வலது ஜன்னலைப் பார்த்தாள். திரை திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்குள் இருட்டு.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"என் அண்ணன் இதே ரோட்டுல செத்துப்போனான், மிஸ்டர் ஸ்ட்ராண்ட்! வண்டி நேரா நிக்குதுன்னு நம்பிச் செத்துப்போனான்!" கர்ட்டிஸ் பக்கத்தில் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கிழவர் அவசரமாகப் பேசினார்.

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நான் சொல்றதைக் கேளுங்க. காத்தடிச்சுத் தூக்காதீங்க. காத்து அவளைத் தூக்கும், இறக்கி வெக்காது. ரெண்டு பைக்கும் ஒரே அளவு காத்து விடுங்க. உங்க சாமான்ல கனமானது எதுவோ, அதை எடுத்து இடது பக்கம் வைங்க. அவளுக்கு எதிர்ல. அவ்வளவுதான். அவ ஒண்ணும் பண்ணமாட்டா."

நடீன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கர்ட்டிஸிடம் சொன்னாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். உள்ளே ஏறி, தன் இரும்புக் கருவிப் பெட்டியை முக்கி முனகி இடது இருக்கைக்கு அடியில் தள்ளினான். மாவு மூட்டை, டப்பா உணவு, அவளுடைய தையல் இயந்திரம், ஒவ்வொன்றாக இடம் மாறியது. ஒவ்வொரு முறை அந்த வலது இருக்கையைக் கடக்கும்போதும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, யாருடைய முழங்காலிலும் இடித்துவிடாதவன் போல நடந்தான். கடைசியாக, கீழே இறங்கி வலது பையின் காற்றைப் புஸ்ஸென்று இடது பை அளவுக்கு இறக்கினான்.

வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. மெல்ல அசைந்தது. பிறகு அப்படியே நின்றது.

கர்ட்டிஸ் பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். குனிந்து இரண்டு பக்கத்து டயரையும் பார்த்தான்.

"நேரா நிக்குது, நடீன்." அவன் நிமிர்ந்தான். "காத்தால இல்ல. நிஜமாவே நேரா நிக்குது. ஒரு சாமானும் கூடல, எண்ணும் தாண்டல."

கதவோரத்து மஞ்சள் ஒட்டுத்தாளில் படிந்த பனியை அவள் விரலால் துடைத்தாள். அவளுடைய நிபந்தனை நிறைவேறியிருந்தது. இனி இறங்கலாம். ஆனால் மறுமுனையில் கிழவர் இன்னும் வைக்காமல் காத்திருந்தார். ஏதோ கேட்பாள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது போல.

"மிஸ்டர் ஸ்ட்ராண்ட், அதிகமாத் தர்றேன்னு வந்தவங்களுக்கெல்லாம் இல்லேன்னு சொல்லிட்டு, எங்களுக்கு ஏன் கொடுத்தீங்க?"

"கடலுக்குப் போறோம்னு சொன்னது நீங்க மட்டும்தான்மா... ஆல்மா இன்னும் கடலைப் பாத்ததில்ல."